பிம்பிரி மண் தந்த மருந்து

பென்சிலின் தயாரிக்கவென்று புனேயை அடுத்த பிம்பிரியில் 1954-ல் உருவானது அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் கைகொடுத்தன. பென்சிலின் பூஞ்சையிலிருந்து கிடைப்பது, கொல்வது பாக்டீரியாவை. சில ஆண்டுகளில் அங்கே நேர் எதிரான ஒன்று கிடைத்தது: பாக்டீரியாவிலிருந்து வரும், பூஞ்சையைக் கொல்லும் மருந்து.

கண்டறிந்தது பூஞ்சையியல் நிபுணர் எம்.ஜே. திருமலாச்சாரின் குழு. பிம்பிரி மண்ணில் அகப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிருமிக்கு ஊர்ப் பெயரையே சூட்டி ‘பிம்பிரினா’ என்றார்கள். 1960-களின் தொடக்கத்தில் அறிமுகமான மருந்துக்கு நிறுவனத்தின் முதலெழுத்துகள் வாய்த்தன: ஹாமைசின். (நிஸ்டாட்டினும் நியூயார்க் மாநிலத்தின் பெயரைச் சுமப்பதுதான்.)

பூஞ்சையை ஒழிப்பது லேசல்ல. பாக்டீரியாவைவிட அது நமக்கு நெருங்கிய உறவு. அதைத் தாக்குவது நம்மையும் பதம்பார்க்கும். மெல்லிய வேறுபாடு ஒன்று உண்டு. செல்லின் மேலுறையில் நமக்குக் கொலஸ்ட்ரால், பூஞ்சைக்கு எர்கோஸ்டிரால். ஹாமைசின் இனத்து மருந்துகள் எர்கோஸ்டிராலைப் பற்றி உறையில் ஓட்டை போடுகின்றன. உள்ளிருப்பது கசிந்து பூஞ்சை சாகிறது. குழந்தைகள் வாயில் வெண்படலமாகவும், பெண்களுக்கு வெள்ளைப்படுதலோடு அரிப்பாகவும் வரும் கேண்டிடா பூஞ்சைக்கு ஹாமைசின் மேற்பூச்சாகப் பயன்பட்டது.

உடலுக்குள்ளே? அமெரிக்காவில் 1960-களில் வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. ஊசி மருந்தாக நிலைத்தது அதே இனத்து ஆம்ஃபோடெரிசின்-பி. வெனிசுலா மண்ணில் கிடைத்தது. சிறுநீரகத்தைச் சோதிக்கும் முரட்டு மருந்து.

அதன் அருமை 2021-ல் தெரிந்தது. கொரோனா இரண்டாம் அலையின் பின்னே கறுப்புப் பூஞ்சை வந்தது. மகாராஷ்டிரமும் குஜராத்தும் அதிகம் அடிபட்டன. கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் அதற்கு வழிதிறந்தன. மூக்கு, கன்னம், கண்குழி என்று சதை அழுகும். அழுகியதை அறுத்தெடுத்து, நாட்கணக்கில் ஆம்ஃபோடெரிசின் ஏற்றவேண்டும். மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு. இறக்குமதி செய்தும் போதாமல், மத்திய அரசு மாநிலவாரியாகக் குப்பிகளைப் பங்கிட்டது. நோயாளிகளின் உறவினர்கள் கடை கடையாக அலைந்தார்கள்.

இதே இனத்து மருந்தை அறுபதாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்த பிம்பிரி நிறுவனமோ அதற்குள் நலிந்துபோயிருந்தது. கடனை அடைக்க அதன் உபரி நிலத்தை விற்பதென்று மத்திய அமைச்சரவை 2016 டிசம்பரிலேயே முடிவெடுத்திருந்தது.