ஊரடங்கில் பாத்திரம் தேய்த்த ஆண்கள் இப்போது எங்கே?

2020 மார்ச் 24. தமிழ்நாட்டில் மாலை 6 மணிக்கே 144 தடை உத்தரவு அமலுக்கு வந்துவிட்டது. இரவு 8 மணிக்குத் தொலைக்காட்சியில் பேசிய பிரதமர், நள்ளிரவு முதல் 21 நாள்களுக்கு நாடு முழுக்க ஊரடங்கு என்றார். மறுநாள் காலை பல வீடுகளில் எல்லாரும் இருந்தார்கள், ஒருவரைத் தவிர: வீட்டு வேலைக்கு வரும் அக்கா.

ஹால் ஆபீஸ், பெட்ரூம் கிளாஸ்

டைனிங் டேபிளில் அப்பாவின் லேப்டாப், பெட்ரூமில் மகளின் ஆன்லைன் கிளாஸ். இன்னொரு வீட்டில் ஒரே செல்போனுக்கு இரண்டு பிள்ளைகள் போட்டி. அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி. அத்தனை பேருக்கும் மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் டீ, காபி.

“நாள் பூரா வீட்லதானே இருக்கே, என்ன வேலை?” என்று கேட்டவர்களே நாள் பூரா வீட்டில் இருக்க வேண்டி வந்தது. சமையல் முடிந்தால் பாத்திரம், பாத்திரம் முடிந்தால் துணி, அதற்குள் அடுத்த வேளைச் சாப்பாடு. இது முடிகிற வேலையே இல்லை என்பதைப் பலர் அப்போதுதான் கண்ணால் பார்த்தார்கள். சிலர் வெங்காயம் நறுக்கினார்கள், சிலர் வீடு துடைத்தார்கள். கணவர்கள் பாத்திரம் தேய்ப்பதைப் பற்றிய மீம்ஸ் வாட்ஸ்அப்பில் சுற்றின.

இனி எல்லாம் மாறிவிடும் என்று தோன்றியது. மாறியதா?

கணக்கு என்ன சொல்கிறது?

மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஆய்வு நடத்துகிறது. ஒன்று 2019இல், அடுத்தது 2024இல். அதாவது, கொரோனாவுக்கு முன்பும் பின்பும்.

2019இல் சம்பளமில்லாத வீட்டு வேலைகளுக்குப் பெண்கள் செலவிட்டது தினமும் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களுக்கோ கூடவே இல்லை. 9 நிமிடம் குறைந்திருக்கிறது!

இன்னொரு விஷயம்: இது வீட்டு வேலை செய்பவர்களின் சராசரி மட்டுமே. 2019 ஆய்வின்படி பெண்களில் 100க்கு 81 பேர் இந்த வேலைகளைச் செய்தார்கள். ஆண்களில் 26 பேர்தான்.

ஏன் நிலைக்கவில்லை?

பல வீடுகளில் ஆண்கள் செய்தது ‘உதவி’. பொறுப்பு கை மாறவில்லை. காய் நறுக்கியவருக்கு நாளைக்கு என்ன குழம்பு என்ற கவலை கிடையாது. கேஸ் எப்போது புக் பண்ணணும், மாமியாருக்கு பிபி மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு, குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எப்போ என்கிற யோசனையெல்லாம் ஒரே தலைக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் திறந்ததும் உதவிதான் முதலில் நின்றது.

வேலைக்கு வரும் அக்காக்கள் திரும்பியதும் பல வீடுகளில் பிரச்சினை ‘தீர்ந்துவிட்டது’. ஊரடங்கில் பலர் சம்பளமில்லாமல் இருந்த அந்த அக்காக்களுக்கோ, இங்கே வேலை முடிந்து போனால் அவர்கள் வீட்டிலும் பாத்திரம் காத்திருக்கும்.

என்ன செய்யலாம்?

“ஏதாவது ஹெல்ப் பண்ணட்டுமா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளலாம். இரவுச் சாப்பாடு உங்கள் பொறுப்பு என்றால், என்ன சமைப்பது என்று முடிவெடுப்பது, காய் வாங்குவது, சமைப்பது, அடுப்பு துடைப்பது வரை எல்லாம் உங்களுடையது. யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது.

வீட்டில் யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அதைப் பார்க்க இன்னொரு ஊரடங்கு தேவையில்லை.