அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லை

தீபாவளிக்கு முதல் நாள் இரவு முடிதிருத்தும் கடையில் வரிசை பிடித்துக் காத்திருந்த அனுபவம் நம் வீட்டு ஆண்கள் பலருக்கும் இருக்கும். கத்தரி பிடித்திருக்கும் அந்த மனிதர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார் என்று யோசித்திருக்கிறீர்களா? எனக்குத் தெரியும். விடியற்காலை இரண்டு மணி. அவர் என் அப்பா.

சுங்கை சிப்புட்டில் 30 ஆண்டுகளுக்கு மேலாகக் கடை நடத்துகிறார். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை நின்றபடியே வேலை. வாரத்தில் புதன்கிழமை மட்டும் விடுமுறை. ஞாயிறும் பள்ளி விடுமுறையும் பெருநாள் காலமும் அவருக்கு வேலை நாள்கள்தான்.

பள்ளி விட்டதும் அண்ணனும் நானும் நேராகக் கடைக்குத்தான் போவோம். ஓரத்துப் பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதுவோம். காலையில் போட்ட வானொலி, கடை சாத்தும்வரை ஓடிக்கொண்டிருக்கும். இன்றைய மின்னல் எஃப்எம் அப்போது வானொலி 6. "அவங்க 'ழ' சொல்ற அழகைக் கேளு" என்பார் அப்பா. ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர். நான் இன்று ஒலிவாங்கி முன் உட்கார்ந்து சம்பாதிக்கிறேன் என்றால், முதல் பாடம் அந்தப் பெஞ்சில் கற்றதுதான்.

கடையில் மூன்று நாற்காலிகள். 2009இல் முடிதிருத்தும் கடை, நகைத் தொழில், ஜவுளிக்கடை ஆகிய மூன்றுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் எடுப்பது நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த அண்ணன்கள் பெர்மிட் முடிந்து ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. இப்போது ஒரு நாற்காலிக்குத்தான் வேலை.

வந்த காசு அண்ணனின் பொறியியல் படிப்புக்கும் என் ஊடகப் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் போனது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. முடிதிருத்தும் கடைகள் மீண்டும் திறந்தது ஜூன் 10ஆம் தேதி. 84 நாள் வருமானம் இல்லை. கடை வாடகை மட்டும் நிற்கவில்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. "இபிஎஃப்ல எவ்வளவுப்பா இருக்கு?" என்று கேட்டேன். "எனக்கு யாரும்மா முதலாளி, இபிஎஃப் கட்ட?" என்று சிரித்தார்.

முதலாளி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. சுயதொழில் செய்வோர் இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் முடிந்த தொகையைக் கட்டலாம். 60 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, கட்டும் தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கமும் சேர்க்கிறது. வேலையில் விபத்து நேர்ந்தால் உதவ, சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டமும் இருக்கிறது.

அப்பாவைச் சம்மதிக்க வைக்கத்தான் பாடுபட்டோம். "பிள்ளைங்க நீங்க இருக்கீங்களே, எனக்கு எதுக்கு?" என்பதே அவர் பதில். "பிள்ளைங்க குடுக்கிறது வேற, உங்க பேர்ல இருக்கிறது வேற" என்று அம்மா சொன்ன பிறகுதான் தலையாட்டினார். இப்போது மாதம் 200 வெள்ளி கட்டுகிறோம். பாதி அவருடையது, பாதி எங்களுடையது. ஆண்டுக்கு 2,400 வெள்ளி. அதற்கு அரசாங்கம் தருவது 480.

உங்கள் வீட்டிலும் ஒரு தையல்காரர், ஒரு மெக்கானிக், பலகாரம் செய்து விற்கும் ஓர் அம்மா இருக்கலாம். நம்மைச் சம்பளச் சீட்டு வாங்க வைத்தவர்கள் அவர்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, அவர்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். 60 வயது ஆவதற்குள் கேளுங்கள்.