பாலாற்றைக் காக்கும் பொறுப்பு யாருடையது?

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு ஆந்திரா வழியாகத் தமிழகம் வந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வட்டாரங்களைக் கடந்து வாயலூர் அருகே கடலில் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அது வெறும் மணலாகவே கிடக்கிறது. ஆனால் மணலுக்கு அடியில் ஊறும் நீர்தான் கரையோர ஊர்களின் கிணறுகளுக்கு ஆதாரம். அந்த நீர் கெட்டால் ஊரே கெடும்.

தோல் தொழில் நம் மக்களில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதே தொழிலின் கழிவுநீரால் கிணற்றை இழந்தவர்களும் இதே ஊர்களில்தான் இருக்கிறார்கள். எனவே ஒரு பக்கம் மட்டும் நின்று பேசுவது நியாயமாகாது.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிட்டு வைப்பார்கள். ஆலையில் ஊறப்போடும்போது அந்த உப்பு நீரில் கரைந்துவிடுகிறது. பிறகு சுண்ணாம்பும் குரோமியமும் சேர்கின்றன. குரோமியத்தைப் பெருமளவு பிரித்தெடுக்கலாம். கரைந்த உப்போ சாதாரணச் சுத்திகரிப்பில் நீங்காது. அதற்குச் சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கும் கருவிகளும் வேண்டும், செலவு அதிகம். அந்தச் செலவைத் தவிர்க்க நினைப்பவர் கழிவை ஆற்றில் விட்டால், அதன் விலையைக் கிணற்றுக்காரர் கொடுக்கிறார். ஊறப்போடும் முன்பே தோலை உதறி உப்பைத் தனியே எடுப்பது எளிய, பயனுள்ள முதல் படி.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதாக ஓர் ஆய்வு கூறியதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. கேடு வருமுன் தடுக்க வேண்டும், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் அறிவித்தது. 2025 ஜனவரி 30 அன்று வந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீட்டை வழங்கி, அத்தொகையை மாசு செய்தவர்களிடம் வசூலிக்கச் சொன்னது. இழப்பீடு கட்டியதோடு பொறுப்பு முடியாது, கெட்ட சூழல் சீராகும் வரை அது தொடரும் என்பதே அதன் சாரம்.

இரு தீர்ப்புகளுக்கும் இடையே 28 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆறு நீர்வளத் துறையிடம், கழிவுநீர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், குடிநீர் குடிநீர் வாரியத்திடம், மணல் கனிமவளத் துறையிடம் எனப் பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. பல கைகளில் உள்ள பொறுப்பைக் கேட்டு வாங்க ஊரார் கண்விழித்திருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை:

1. மாவட்டக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திக் கிணற்று நீரைச் சோதிக்கலாம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது.

2. கழிவுநீர் வெளியேறக் கண்டால் தேதி, நேரம், இடம், படத்துடன் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்துமூலம் புகார் அளித்து, ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும்.

3. சோதனை முடிவுகளைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்க வேண்டும்.

4. ஆலை நடத்தும் சகோதரர்கள் உப்பு அகற்றுவதையும் கழிவு மேலாண்மையையும் தொழிற்செலவின் பகுதியாகவே கணக்கிட வேண்டும்.

தண்ணீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடுத்த தலைமுறைக்கு அதைக் கெடாமல் கொடுப்பது தர்மம் அல்ல, நம் கடன்.