உங்களுக்குத் தெரியுமா? மாசிப் பௌர்ணமியும் ஒரு துண்டு சேனையும்

❖ தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரை பிறந்தால் இளவேனில். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் அந்தப் பனியைத் தேடினால், விடியற்காலையில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் நாலு துளி ஈரம் கிடைக்கும். அவ்வளவுதான். இங்கிலாந்துத் தோட்டக்காரர் பிப்ரவரியில் உறைபனிக்குப் பயந்து செடியைப் போர்த்துகிறார். நாமும் போர்த்தத்தான் வேண்டும், வெயிலுக்கு. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிட்டால், அடுத்த பெருமழை ஜூன் தொடக்கத்தில்தான். நடுவில் கோடைமழை பெய்தால் உண்டு.

❖ திருவனந்தபுரத்துக்காரர்கள் சேனை நடுவதற்குப் பஞ்சாங்கத்தில் நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். கும்ப மாதத்துப் பௌர்ணமி, நம் மாசிப் பௌர்ணமி. கும்பத்தில் நட்டால் குடம் அளவு விளையும், மீனத்தில் நட்டால் மீன்கண் அளவுதான் என்று மலையாளத்தில் ஒரு சொலவடை உண்டு. நிலவுக்கும் கிழங்குக்கும் என்ன உறவோ, அதை விடுங்கள். மாதக் கணக்கில் நியாயம் இருக்கிறது. மாசியில் குழிக்குள் போன துண்டு அவசரப்படாமல் உறங்கும். கோடைமழை நாலு தூறல் போட்டதும் முளைவிடும். ஜூனில் இடவப்பாதி மழை கொட்டத் தொடங்கும்போது வேர் பிடித்துக் குடை விரித்திருக்கும். ஒரு மாதம் பிந்தினால் அந்த முந்துதல் போய்விடும்.

நடுகிற முறை: நீளமும் அகலமும் இரண்டடி, ஆழம் ஒன்றரை அடி என்று ஒரு குழி. மேல்மண்ணோடு மக்கிய சாணம். ஒரு கிலோ அளவுக்குத் துண்டு. ஒவ்வொரு துண்டிலும் நடுக் குருத்தின் ஒரு பங்கு இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கறித்துண்டு. சாணிக் கரைசலில் முக்கி, நிழலில் உலர்த்தி, வைத்து மூடி, மேலே காய்ந்த சருகைப் பரப்பிவிட வேண்டும். எட்டு ஒன்பது மாதத்தில் வெட்டலாம். மார்கழித் திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் கூட்டில் விழும் சேனை, முந்தைய மாசியில் போட்டதாக இருக்கும்.

❖ ஒரு கிலோ விதைத்துண்டு கட்டுப்படியாகவில்லையா? கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் ஏறினால் ஸ்ரீகாரியம். அங்கே 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விதைச்சேனை பெருக்குவதற்கு 100 கிராம் துண்டே போதும் என்கிற குறுந்துண்டு முறை அங்கே பரவலாகச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. மொட்டைமாடி குரோபேக்குக்கும் அது தோது.

❖ சேனை பூத்துப் பார்த்திருக்கிறீர்களா? பார்ப்பதற்கு முன் மூக்கு கண்டுபிடித்துவிடும். அழுகிய மாமிச வாடை. வண்டுகளை வரவழைக்கிற தந்திரம். சுமத்ராக் காட்டில் ஆளுயரத்தைத் தாண்டி வளரும் பிணமலர் இதற்குப் பங்காளிதான். எலி செத்துக் கிடக்கிறதென்று பரணையெல்லாம் புரட்டிவிட்டு, கடைசியில் கொல்லையில் போய்ப் பூவைக் கண்ட வீடுகள் நம் பக்கத்தில் குறைவில்லை.

❖ ஆற்றுகால் பொங்காலை வருவதும் இதே கும்ப மாதம், பூர நட்சத்திரத்தில், பௌர்ணமியை ஒட்டி. 2009-இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிடக் கூடினார்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. கோயில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அடுப்பு வரிசை கிழக்கேகோட்டையைத் தாண்டிப் போகும். அடுப்புச் செங்கல்லை மாநகராட்சி திரட்டி ஏழைகள் வீடு கட்டக் கொடுப்பது பலருக்கும் தெரியும். சாம்பலை யார் கேட்கிறார்கள்?

தோட்டக்காரர் கேட்க வேண்டும். கொதும்பும் காய்ந்த ஓலையும் எரிந்த சாம்பலில் பொட்டாஷும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. இந்த ஊர்ச் செம்மண்ணுக்குப் புளிப்பு அதிகம். சாம்பல் அதைத் தணிக்கும். தென்னைக்கும் வாழைக்கும் கிழங்குக்கும் கை நிறையப் போடலாம். ஆனால் பச்சைச் சாணத்தோடும் யூரியாவோடும் சேர்த்துப் போடாதீர்கள்; தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடும். தெச்சிக்கு (நமக்கு இட்லிப்பூ) சாம்பலே வேண்டாம். அதற்குப் புளித்த மண்தான் பிடிக்கும்; சாம்பலைக் கண்டால் இலை வெளிறி நிற்கும். உங்கள் வீட்டு வாசல் அடுப்பின் சாம்பல் மட்டும் போதும். தெருச் சாம்பலில் பிளாஸ்டிக் எது, ஓலை எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

❖ தேங்காய் மட்டையைத் தென்னந்தூரில் எப்படி வைப்பது என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை. இரண்டு பக்கமும் சரிதான். மண்ணுக்குள் புதைத்தால் குழிந்த பக்கம் வானம் பார்க்க வேண்டும், தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும். மண்மேல் மூடாக்காகப் பரப்பினால் முதுகு வானம் பார்க்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் மட்டைக்கு மட்டை கொசுத்தொட்டி. மூட்டைச் சுற்றி ஆறடி ஆரத்துக்குச் சுமார் 100 மட்டை பிடிக்கும். இப்போது செய்ய வேண்டியது மூடாக்கு. புதைப்பதை மழை தொடங்கும் சமயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவை புதைத்தால் 5 முதல் 7 ஆண்டு பேசாது.

❖ பஸ் நிலையத்தை ஒட்டிய புத்தரிக்கண்டம் மைதானத்தில் பொருட்காட்சி பார்த்திருப்பீர்கள். புத்தரி என்றால் புது அரிசி, கண்டம் என்றால் வயல். பத்மநாபசுவாமி கோயிலுக்கு நெல் விளைந்த நிலம் அது.

❖ தோவாளையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு வந்து இறங்கும் பூக்கூடையில் மூன்று சகோதரிகள் உண்டு. மூவருக்கும் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து. ஆனால் நாள் வேறு வேறு. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி, பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. கார்த்திகை, மார்கழி, தை என்று மாதத்துக்கு ஒருத்தி. மாசியில்தான் ஞாபகம் வந்தது என்றால் காய்ந்த குச்சியையும் நோஞ்சான் கிளையையும் மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வரப்போகும் மொட்டு தப்பும்.

❖ கொன்றை மரத்தில் இப்போது கத்தி வைக்கவே கூடாது. இலை உதிர்த்து மொட்டையாக நிற்பது பூப்பதற்காக. கேரளத்தின் மாநில மலர் அது. ஏப்ரல் நடுவில் விஷுக்கணித் தட்டில் அது வேண்டும். ஆனால் விஷுவுக்குக் காத்திராமல் முன்கூட்டியே பூத்துக் கொட்டிவிடுகிற மரங்களும் உண்டு. கொன்றை பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, வெயிலைத்தான் பார்க்கிறது. வெட்டுவதானால் பூ முடிந்தபின். அதே தட்டுக்குப் பொன்னிறக் கணிவெள்ளரி வேண்டுமென்றால் தை முடிவதற்குள் விதை போட்டிருக்க வேண்டும். தவறினால் சாலையில் வாங்க வேண்டியதுதான், விஷுவுக்கு முந்தைய நாள் விலையில்.

❖ மரவள்ளியைத் திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பியதில் விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரும் பங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்டவர். கிழங்கு பிடுங்கியபின் தண்டைப் படுக்கப் போடாமல், நிழலில் நிமிர்த்திச் சாய்த்து வைத்தால் சித்திரை மழை வரை உயிரோடிருக்கும்.

❖ பங்குனி உற்சவம் தொடங்கும்போது பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்கு நடையில் பஞ்சபாண்டவர்கள் எழுந்து நிற்பார்கள். பெரிய பெரிய உருவங்கள்; பீமனைக் காட்டினால் குழந்தை அம்மாவின் பின்னால் ஒளியும். மழைக்கு அதிபதியான இந்திரனைக் குளிர்விக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது நம்பிக்கை. உற்சவம் முடிந்து ஆறாட்டு சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்போது விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து போகிறது. அந்நேரம் விமானமெல்லாம் நின்று வழிவிடும்.

❖ பாண்டவர்கள் நிற்கும் அந்தப் பத்து நாளில் மாடியில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகள். காய்ந்துதானே கிடக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, சொட்டு நீர் இல்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். முதல் கோடைமழை விழுந்ததும் பொரிந்துவிடும். கவிழ்த்தால் போகாது. தேங்காய் நார் எடுத்து விளிம்பை அழுத்தித் தேய்க்க வேண்டும்.