வீட்டுத் தோட்டத்தில் மலரும் கனியும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் இன்றியமையாத் தேவைகள். இவற்றுள் உறையுள் என்பது நான்கு சுவர்களும் கூரையும் மட்டுமன்று. முன்னே ஒரு முற்றமும் பின்னே ஒரு கொல்லையும் சேர்ந்ததே வீடு என்று நம் முன்னோர் கருதினர். இன்றோ மழைநீர் இறங்கவும் இடமின்றிப் பல வீடுகளில் கொல்லை முழுவதும் சிமெண்டுத் தரையாகி வருகிறது. பூவும் பழமும் கடையிலே கிடைக்கும்போது தோட்டம் எதற்கு என்று கேட்போரும் உளர். கடையில் கிடைக்காத இன்பங்களையும் பயன்களையும் வீட்டுத் தோட்டம் தருகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலர்கள் காட்டும் பொழுது

தோட்டமுள்ள வீட்டில் பூக்களே பொழுதைச் சொல்லும். இரவில் மலர்ந்த பவழமல்லி விடியற்காலையில் செங்காம்புகளுடன் உதிர்ந்து கோலமிட்டாற்போல் கிடக்கும். வெயில் ஏறுகையில் செம்பருத்தி விரியும்; அதை நாடித் தேன்சிட்டு வரும். மாலை நான்கு மணியளவில் அந்திமந்தாரை மலரும். பொழுது சாய்ந்ததும் குண்டுமல்லி மணக்கத் தொடங்கும்.

இரவில் மலரும் பூக்களுள் பல, வெண்ணிறமும் மிகுந்த மணமும் உடையனவாய் இருப்பது ஏன்? இருளில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்குச் சிவப்பு எளிதில் புலப்படாது. வெண்மையும் மணமுமே அவற்றை அழைக்கும் தூதுகள். நாம் கூந்தலில் சூடி மகிழும் மணம் செடிகளின் இனப்பெருக்கத்துக்காக ஏற்பட்டது என்பது வியப்புக்குரியதன்றோ!

மல்லிகை புதுத் தளிர்களிலேயே பூக்கும். ஆகவே நவம்பர் இறுதியில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் கவாத்துச் செய்து, மக்கிய தொழு உரம் இட்டால், மார்ச் முதல் மொட்டுகளைக் காணலாம். செடியின்மேல் இரக்கப்பட்டு வெட்டாமல் விடுவோர் வீட்டில் இலையே மிகுதியாயிருக்கும்.

கனிகளின் கணக்கு

"பப்பாளி பூத்துப் பூத்து உதிர்கிறது; காய்க்கவேயில்லை" என்னும் குறையைப் பல வீடுகளில் கேட்கலாம். இதில் மண்ணின் குற்றமும் இல்லை. நட்டவர் கைராசியும் காரணமன்று. பப்பாளியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நீண்ட காம்புகளில் சிறு பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் அது ஆண் மரம். தண்டை ஒட்டி, அடிப்பகுதி பருத்த பூக்கள் தோன்றினால் அது பெண் மரம். பூக்கும் வரை வேறுபாடு தெரியாது. எனவே ஒரு குழியில் மூன்று நான்கு கன்றுகளை நட்டு, பூத்தபின் பெண் கன்று ஒன்றை நிறுத்திக்கொண்டு ஏனையவற்றை நீக்குவது வழக்கம். அக்கம்பக்கத்தில் ஆண் மரமே இல்லையெனில், மகரந்தத்திற்காக ஒன்றை விட்டுவைக்க வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 3, கோ 7 ஆகிய இரகங்களில் பெண் மரங்களும் இருபால் மரங்களுமே தோன்றுவதால் இத்தொல்லை இல்லை. எந்த இரகமாயினும் வேரடியில் நீர் தேங்கினால் அழுகிவிடும்.

வாழைக்கு மகரந்தக் கவலையே இல்லை. நாம் உண்ணும் வாழை கருவுறாமலே கனியாகிறது. அதனாற்றான் அதில் முற்றிய விதை இல்லை. ஒரு வாழை ஒரே முறை குலை தள்ளும். அதன் பக்கக்கன்றுகளுள் ஒன்றை மட்டும் வளரவிட்டால் அடுத்த குலைக்கு வழியாகும். 'வாழையடி வாழை' என்னும் வழக்கு தாவரவியல் உண்மையே. பாத்திரம் கழுவிய நீரைத் திருப்பிவிட்டாலே அது செழிக்கும்.

பழுக்கும் விந்தை

சப்போட்டாக் காய்களை அரிசிப் பானைக்குள் புதைத்துப் பழுக்க வைப்பர் நம் பாட்டிமார். பழுக்கும் காய்கள் எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. மூடிய இடத்தில் அவ்வாயு சிதறாமல் தங்கி, கனிதலை விரைவுபடுத்துகிறது. மா, வாழை, சப்போட்டா ஆகியன பறித்தபின்னும் பழுக்கும். மாதுளை, திராட்சை, எலுமிச்சை ஆகியன அவ்வாறு பழுக்கா, முதிர்ந்தபின்னரே பறிக்கவேண்டும்.

வணிகர் சிலர் அவசரம் கருதிக் கார்பைடு கல்லைப் பயன்படுத்துகின்றனர். அதில் ஆர்சனிக் போன்ற நச்சுப்பொருள்கள் கலந்திருக்கக்கூடும். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இம்முறையில் பழுக்க வைத்த பழங்களின் விற்பனையைத் தடை செய்துள்ளன. எனினும் வாங்குபவர் கண்ணுக்கு வேறுபாடு எளிதில் தெரிவதில்லை. தம் கொல்லையில் விளைந்த பழத்தைக் குழந்தைக்குக் கொடுக்கும் தாய்க்கு இந்த ஐயம் இல்லை. வீட்டுத் தோட்டத்தின் தலையாய பயன் இதுவே எனலாம்.

முடிவுரை

தோட்டத்திற்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டியதில்லை. கிணற்றடியில் ஒரு வாழை, வேலியோரம் ஒரு பப்பாளி, வாசலில் ஒரு மல்லிகை போதும். மண்ணே இல்லாத மாடி வீட்டிலும் பெரிய தொட்டியில் எலுமிச்சை காய்க்கும். கிளியும் அணிலும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும், அதற்காக வருந்துவானேன்? மிஞ்சியதை அண்டை வீட்டாருடன் பகிரும்போது உறவும் வளர்கிறது.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஆளுக்கொரு கன்று நடுவோம். நாம் பட்டம் பெற்றுத் திரும்பும்முன் அது பழம் தந்து நிற்கும்.