புது கியர் வரட்டும்; அதுவரை மலை ஏறலாம்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி கோமுகி அணைவரை சைக்கிள் மிதிப்பது சுகமான வேலை. இருபுறமும் கரும்பு வயல், ஆலைக்குப் போகும் டிராக்டர்கள், பெரிய ஏற்றமில்லாத சாலை. அணையைக் கடந்து கல்வராயன் மலைச்சாலையில் ஏறியதும் நிலைமை மாறுகிறது. வளைவு ஒன்றில் கால் இறுகுகிறது. கியரைக் குறைக்கிறீர்கள். செயின் அடுத்த பல் சக்கரத்தில் உட்காராமல் இரண்டுக்கும் நடுவே கடகடவென்று அடிக்கிறது. மிதி நழுவுகிறது, வேகம் போகிறது, காலை ஊன்றி நிற்க வேண்டியதுதான்.

இந்த ஒரு நொடித் தடுமாற்றத்தை ஒழிக்க வந்ததுதான் மின்னணு கியர். பொத்தானைத் தொட்டால் சின்ன மோட்டார் ஒன்று செயினை இடம் மாற்றிவிடும். ஆனால், முழுத் தொகுப்பின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். போதாததற்கு, ‘அடுத்த மாடல் வரப்போகிறது’ என்ற பேச்சும் ஓய்வதே இல்லை. வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட ரோடு பைக் வைத்திருப்பவர்களில் பலர், இருப்பதைச் சரிசெய்யாமலும் புதியதை வாங்காமலும் மாதக்கணக்கில் நிற்கிறார்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்து காத்திருந்தால் தவறில்லை. அதற்குத் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

ஒயர் செய்யும் வேலை

ரோடு பைக்கின் பின்சக்கரத்தில் பத்து முதல் பன்னிரண்டு பல் சக்கரங்கள் அடுக்கடுக்காக இருக்கும். செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவிக்கு டீரெய்லர் என்று பெயர். கைப்பிடியில் உள்ள லிவரை அழுத்தினால் மெல்லிய எஃகு ஒயர் இழுபட்டு டீரெய்லரை நகர்த்தும். ஒரு காலத்தில் எவ்வளவு இழுப்பது என்பதைக் கைதான் தீர்மானித்தது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1984இல் தன் டியூரா-ஏஸ் கியரில் ‘இண்டெக்ஸ்’ முறையைக் கொண்டுவந்த பிறகு, ஒரு ‘கிளிக்’ என்றால் ஒரு கியர் என்று ஆனது.

சக்கரங்களின் எண்ணிக்கை கூடக்கூட அவற்றுக்கு இடையிலான இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. பன்னிரண்டு சக்கர அடுக்கில் அது சில மில்லிமீட்டர்தான். ஒயர் கொஞ்சம் தளர்ந்தாலும் செயின் தன் இடத்தில் உட்காராது. செம்மண் தூசியும் மழைத்தண்ணீரும் ஒயர் உறைக்குள் புகுந்தால் உரசல் கூடும். சில சமயம் லிவருக்குள்ளேயே ஒயர் இழை இழையாகப் பிரிந்து அறுந்துபோகும். கியர் சரியில்லை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒயரின் கோளாறுதான்.

மோட்டார் செய்யும் வேலை

மின்னணு கியரில் இழுக்க ஒயர் இல்லை. லிவரில் உள்ள பொத்தான் ஒரு மின் குறிப்பை அனுப்புகிறது. டீரெய்லருக்குள் இருக்கும் மோட்டார் அளந்து வைத்த தூரம் மட்டும் நகர்கிறது. ஆயிரம் தடவை மாற்றினாலும் அதே தூரம்தான். முன்பக்கச் செயின் உரசினால், மிதிப் பக்கத்தில் உள்ள முன் டீரெய்லர் தானாகவே கொஞ்சம் விலகிக்கொள்ளும். மலையில் கால் முழு பலத்தோடு அழுத்தும்போதும் கியர் மாறுவது சீராக இருக்கும். கை நடுங்கும் குளிரிலும், விரலில் பலம் குறைந்தவர்களுக்கும் இது உண்மையான உதவி.

இன்றைய ஷிமானோ ரோடு கியரில் லிவர்கள் கம்பியின்றிப் பேசும். இரண்டு டீரெய்லருக்கும் சீட் தண்டுக்குள் இருக்கும் ஒரே பேட்டரியிலிருந்து மின்சாரம் போகும். அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் ஒவ்வொரு டீரெய்லருக்கும் தனித்தனிப் பேட்டரி வைக்கிறது. எதுவானாலும் ஒரு சார்ஜில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். லிவருக்குள் கைக்கடிகாரத்தில் போடுவதுபோன்ற பொத்தான் பேட்டரி இருக்கும். அதை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கம்பியில்லா இணைப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2024 ஆகஸ்டில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஷிமானோ லிவர் அனுப்பும் குறிப்பைப் பதிவுசெய்து, சுமார் 10 மீட்டர் தொலைவிலிருந்து அதையே திரும்ப அனுப்பி, மற்றவருடைய சைக்கிளின் கியரை மாற்றிக் காட்டினார்கள். நிறுவனம் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. கியருக்கும் இனி கைபேசியைப்போல அவ்வப்போது மென்பொருள் புதுப்பிக்க வேண்டும் என்பதை அந்தச் சம்பவம் புரியவைத்தது.

காத்திருப்பு புதிதல்ல

கியருக்காகக் காத்திருப்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் வீரர்கள் டீரெய்லரைப் பயன்படுத்த 1937இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் மலை வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுத்தான் கியர் மாற்றினார்கள்.

பிரான்சின் மாவிக் நிறுவனம் 1990களின் தொடக்கத்திலேயே ‘ஜாப்’ என்ற மின்னணு கியரைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. 1999இல் ‘மெக்ட்ரானிக்’ என்ற பெயரில் கம்பியில்லா வகையையும் வெளியிட்டது. சிந்தனை சரியாக இருந்தும், நம்பி ஓட்டும் அளவுக்கு உறுதி இல்லாததால் இரண்டும் சந்தையில் நிலைக்கவில்லை. அன்று அவசரப்பட்டு வாங்கியவர்களுக்குப் பின்னாளில் உதிரிபாகம்கூடக் கிடைக்கவில்லை. ஷிமானோவின் டியூரா-ஏஸ் டிஐ2 கடைக்கு வந்த 2009இல்தான் மின்னணு கியர் நிலைபெற்றது.

மேலிருந்து கீழே வர எத்தனை ஆண்டு?

காத்திருப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது நிறுவனங்களின் வழக்கத்தை. புதிய நுட்பம் முதலில் மிக விலையுயர்ந்த வரிசையில் வரும். பிறகுதான் படிப்படியாகக் கீழே இறங்கும். டியூரா-ஏஸில் 2009இல் வந்த மின்னணு கியர், அடுத்த படியான அல்டெக்ராவுக்கு 2011இல் வந்தது. சாதாரண ஆர்வலர் எட்டிப்பிடிக்கக்கூடிய 105 வரிசைக்கு வந்தது 2022 ஜூனில். பதின்மூன்று ஆண்டு! ஸ்ராமின் கம்பியில்லா கியர் 2015இல் உச்சப் படியான ரெட் வரிசையில் அறிவிக்கப்பட்டு, 2019இல் ஃபோர்ஸ், 2021இல் ரைவல் என்று இறங்கி, 2023இல் ஏபெக்ஸ் வரிசையை அடைந்தது. சீனாவின் எல்-டூ, வீல்டாப் போன்ற நிறுவனங்களும் இப்போது குறைந்த விலையில் மின்னணு கியர் செய்கின்றன.

உச்சப் படியில் புதிய தலைமுறை வருவதற்கும் ஒரு கால அளவு இருக்கிறது. டியூரா-ஏஸ் டிஐ2வின் தலைமுறைகள் 2008, 2012, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டன. ஆக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நான்கைந்து ஆண்டு இடைவெளி. புதியது அறிவிக்கப்பட்ட அன்றே நம் கைக்கு வந்துவிடும் என்றும் எண்ணக் கூடாது. 2021 செப்டம்பர் முதல் தேதி பன்னிரண்டு சக்கர டியூரா-ஏஸும் அல்டெக்ராவும் வெளியானபோது, கொரோனா காலத்தில் சைக்கிளுக்கு ஏற்பட்ட தேவையால் உலகெங்கும் உதிரிபாகத் தட்டுப்பாடு நிலவியது. பல பாகங்களுக்கு ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க நேர்ந்தது.

வழியில் ஏன் தாமதம்?

தமிழ்நாட்டில் சைக்கிள் தயாரிப்பு புதிதல்ல. 1949இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தலைமுறைகளாக சைக்கிள் செய்திருக்கிறது. ஆனால் ஷிமானோ, ஸ்ராம் போன்றவற்றின் மின்னணு கியர் நமக்கு இறக்குமதியாகத்தான் வருகிறது. அதன் பாதையில் சில தடுப்புகள் உண்டு.

முதலாவது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரியைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் உலகளாவிய தடை இருக்கிறது. சரக்கு விமானத்தில் அனுப்பினாலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. டீரெய்லர் வந்து சேர்ந்தும் பேட்டரி பின்தங்குவது இதனால்தான். இரண்டாவது, கம்பியின்றி இயங்கும் கருவிகளை இறக்குமதி செய்ய மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் வகை ஒப்புதல் பெற வேண்டும். மூன்றாவது சுங்க வரி. ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்குபவர்களும் உண்டு. அப்படி வாங்கினால் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதைக் கேட்டுக்கொண்டே பணம் கொடுக்க வேண்டும்.

மலை கேட்பது எதை?

இப்போது கல்வராயன் மலைக்கு வருவோம். 2,000 முதல் 3,000 அடிவரை உயரும் கிழக்குத் தொடர்ச்சி மலை இது. இங்கே ஏறுகிறவருக்குக் கியர் எப்படி மாறுகிறது என்பதைவிட, கடைசியில் எந்தப் பல் சக்கரம் மிஞ்சுகிறது என்பதே முக்கியம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முன்னால் 36 பல், பின்னால் அதிகபட்சம் 28 பல் உள்ள பந்தய அமைப்பில், மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறத்தாழ 2.7 மீட்டர் போகும். முன்னால் 34 பல், பின்னால் 36 பல் இருந்தால் 2 மீட்டர் போகும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ. 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் செங்குத்தான இடம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கிறார். முதல் அமைப்பில் உயரம் ஏறுவதற்கு மட்டும் அவர் கால் சுமார் 200 வாட் தர வேண்டும். இரண்டாவதில் 150 வாட் போதும். 150 வாட் என்பது இரண்டு சீலிங் ஃபேன் ஓடும் மின்சாரம். கூடுதலாக 50 வாட்டை மணிக்கணக்கில் தருவது பழகாத காலால் முடியாது, முட்டிதான் வலிக்கும்.

இந்தக் கணக்கில் காத்திருப்பவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி இருக்கிறது. உச்ச விலையிலான 2021 டியூரா-ஏஸ் கியரில் பின்னால் கிடைக்கும் பெரிய சக்கரம் 34 பல். அதைவிட விலை மிகக் குறைந்த 105 வரிசையில் 36 பல்வரை உண்டு. மலையேறும் சாதாரண மனிதருக்கு மலிவானதுதான் பொருத்தமானது. அதே 36 பல் அமைப்பு, 2023 ஜூலையில் வந்த ஒயர் வகை 105 கியரிலும் இருக்கிறது. மின்னணு கியருக்காகக் காத்திருக்கும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது பின்னால் ஒரு பெரிய பல் சக்கரமும், ஒரு புதிய ஒயரும், உறையும்தான். டீரெய்லர் அந்தச் சக்கரத்தைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாற்றினால் ஒரே நாளில் மலை இலகுவாகும்.

பழுதானால் யார் பார்ப்பார்?

நம் ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு ஸ்குரூ டிரைவரும் குறடும் இருந்தால் ஒயர் கியரை ஓடவைத்துவிடுவார். அறுந்த ஒயரை மாற்றுவது அவருக்குச் சாதாரண வேலை. மின்னணு கியரில் டீரெய்லருக்குள் தண்ணீர் புகுந்தாலோ மோட்டார் நின்றாலோ அவரால் திறந்து பார்க்க முடியாது. சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப வேண்டும். ஆகவே வாங்கும் முன் விலையோடு சேர்த்து, பழுது பார்க்கும் இடம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஏற்கெனவே மின்னணு கியர் வைத்திருப்பவர்கள் மலைக்குக் கிளம்பும் முன் சார்ஜைப் பார்ப்பது அவசியம். ஷிமானோவில் சார்ஜ் தீரும்போது முதலில் முன் கியர் நின்றுபோகும். பின் கியர் இன்னும் கொஞ்ச நேரம் இயங்கும். அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். ஸ்ராமில் பின் பேட்டரி தீர்ந்தால் முன் பேட்டரியைக் கழற்றிப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். நம் வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விட்டுவைப்பது கூடாது.

யார் காத்திருக்கலாம்?

- புது சைக்கிளே வாங்கப்போகிறவர்: அடுத்த தலைமுறை வந்ததும் கடைகள் பழைய இருப்பின் விலையைக் குறைப்பது வழக்கம். சில மாதம் பொறுத்தால் லாபம் உண்டு.
- ரிம் பிரேக் சைக்கிள் வைத்திருப்பவர்: 105 மின்னணு கியர் டிஸ்க் பிரேக்குக்கு மட்டுமே வருகிறது. அதற்காகக் காத்திருந்து பயனில்லை.
- பதினொரு சக்கர கியர் வைத்திருப்பவர்: லிவர், டீரெய்லர், செயின் எல்லாம் பன்னிரண்டுக்கு மாற வேண்டும். ஒரு பாகத்தை மட்டும் வாங்கிச் சேர்க்க முடியாது.
- கியர் தடுமாறுவதால் ஓட்டாமல் நிறுத்தியிருப்பவர்: இன்றே ஒயரை மாற்றுங்கள். நாளைக் காலை கோமுகி அணைவரை போய்வாருங்கள்.

மலைமேல் இன்னொரு காத்திருப்பு

மலையாளி பழங்குடியினர் பெருமளவில் வாழும் கல்வராயன் மலையைப் பற்றி எழுதும்போது, அங்குள்ள பிள்ளைகளின் சைக்கிளைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு மாணவர்களுக்கும் மற்றப் பிரிவினருக்கும் விரிந்த அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் தமிழ்நாட்டின் பெருமைகளில் ஒன்று. அந்த வண்டி ஒற்றை கியர் கொண்டது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 5 மீட்டருக்கும் மேல் போகும். சமவெளிக்கு நல்ல அமைப்பு. மேலே போட்ட கணக்கை இதற்கும் போட்டுப்பார்த்தால், அந்த ஏற்றத்தில் பதினாறு வயதுப் பிள்ளை இறங்கித் தள்ளத்தான் வேண்டும் என்பது விளங்கும்.

அந்தப் பிள்ளைக்கு மோட்டாரும் பேட்டரியும் வேண்டாம். ஊர் மெக்கானிக்கே பழுது பார்க்கக்கூடிய எளிய ஒயர் கியர், பின்னால் ஆறேழு பல் சக்கரங்கள், அவ்வளவு போதும். பல பத்தாண்டுகளுக்கு முன்பே முழுமை பெற்றுவிட்ட நுட்பம் அது. மலைப்பள்ளிகளுக்கு வழங்கும் சைக்கிளில் அதைச் சேர்க்க முடியுமா என்று அரசு யோசிக்க வேண்டும். உச்சப் படியில் இருந்த மின்னணு கியர் 105 வரிசைக்கு இறங்கி வரப் பதின்மூன்று ஆண்டு ஆனது. 1930களில் ஐரோப்பிய மலைகளில் ஓடிய சாதாரண கியர் கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு இன்னும் வந்து சேர வேண்டியிருக்கிறது.