ஒரு சதுர மீட்டருக்கு ஒரு புதர்!

நிலக்கரிச் சுரங்கத்தில் சோதனை என்றதும் கண்முன் என்ன வருகிறது? ஹெல்மெட், புழுதி, கையில் ஃபைலோடு ஓடிவரும் மேனேஜர். எல்லாம் உண்டுதான். ஆனால் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இந்தச் சோதனையின் கிளைமாக்ஸ் என்ன தெரியுமா? வெட்டவெளியில் மண்டியிட்டு, கத்தரியால் புல் நறுக்கி, காகிதப் பையில் போடுவது! வாங்க, வேலிக்குள் எட்டிப் பார்ப்போம்.

இடம், கில்லெட் நகரைச் சுற்றியிருக்கும் பவுடர் ஆற்றுப் படுகை. அமெரிக்கா வெட்டும் நிலக்கரியில் சுமார் 40 சதவீதம் வயோமிங்குடையது; அதில் பெரும்பகுதி இங்கேதான் கிடைக்கிறது. கரி அடுக்கு சில இடங்களில் நூறடி கனம். அதை அள்ளும் லாரிகளில் பெரியவை ஒரே நடைக்கு 400 டன் வரை தூக்கும். டயர் மட்டுமே இரண்டு ஆள் உயரம். இவ்வளவு பிரம்மாண்டத்தையும் கேள்வி கேட்க, மாநிலச் சுற்றுச்சூழல் துறையிலிருந்து வருகிறார் ஒரு இன்ஸ்பெக்டர்.

எப்போது வருவார்? அதுதான் தெரியக் கூடாது! 1977-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட திறந்தவெளிச் சுரங்கச் சட்டம், மாதம் ஒரு பகுதிச் சோதனை, காலாண்டுக்கு ஒரு முழுச் சோதனை என்று கணக்கு வைத்திருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல்தான் வர வேண்டும். சரி, நிலக்கரிக் கம்பெனியில் அவரே ரகசியமாக நாலு பங்கு வாங்கிப் போட்டிருந்தால்? 2,500 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் எழுதியவர்கள் மனுஷ சுபாவம் தெரிந்தவர்கள்.

வந்தவர் பார்ப்பதில் எனக்குப் பிடித்தது, ஓரமாகக் கிடக்கும் ஒரு மண்குவியல். தோண்டுவதற்கு முன் மேல்மண்ணைத் தனியே வழித்தெடுத்துச் சேமிக்க வேண்டும். அதன்மேல் 'மேல்மண்' என்று போர்டும் நட வேண்டும். பிறகு வெடிப் பதிவேடு: வெடித்தபோது வானிலை என்ன, அருகிலிருக்கும் வீடு எவ்வளவு தூரம், எத்தனை மருந்து. மூன்று வருஷப் பதிவு கையில் இருக்க வேண்டும். ஆபத்து கண்ணுக்கு நேரே தெரிந்தால், அங்கேயே, அப்போதே, 'வேலையை நிறுத்து' என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

இனி பணம். நிலத்தைச் சீராக்கித் தருவேன் என்பதற்குக் கம்பெனி முன்கூட்டியே ஒரு பிணை கட்டியிருக்கும். பள்ளத்தை மூடி, மேடு பள்ளம் பழையபடி வர மட்டப்படுத்தி, வடிகாலும் அமைத்தால் 60 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கலாம். மிச்சத்துக்குத்தான் புல் வேண்டும், புதர் வேண்டும், கூடவே காலமும் வேண்டும். மழை குறைந்த சீமை என்பதால் பத்து வருஷக் காத்திருப்பு. அதிலும் ஒரு குறும்பு: நடுவில் செடி வாடுகிறதே என்று கூடுதலாக விதைத்தாலோ, உரம் போட்டாலோ, நீர் பாய்ச்சினாலோ கடிகாரம் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு செடி வானத்தை நம்பியே பிழைத்தாக வேண்டும்.

இப்போது அந்தக் காகிதப் பைக்கு வருவோம். தரையில் நாடாவை நீட்டி, குறித்த இடைவெளியில் ஊசியை இறக்குகிறார்கள். நுனி எதைத் தொட்டது? புல்லா, சருகா, கல்லா, வெறும் மண்ணா? ஒவ்வொன்றும் தாளில் ஏறுகிறது. பிறகு ஒரு சட்டத்தைக் கிடத்தி, அதற்குள் இருக்கும் புல்லை இனம் பிரித்து நறுக்கிப் பையில் போட்டு, அடுப்பில் உலர்த்தி எடை பார்க்கிறார்கள். தோண்டப்படாத ஒரு பக்கத்து நிலம்தான் ஒப்பீட்டுக்கு அளவுகோல்; அதில் 90 சதவீதமாவது தேற வேண்டும். சும்மா 'பச்சையாத்தான் இருக்கு சார்' எல்லாம் செல்லாது.

கதையின் வில்லன் (எனக்கென்னவோ ஹீரோதான்) சேஜ்பிரஷ் என்ற சாம்பல் நிறப் புதர். 1996 ஆகஸ்டுக்குப் பிறகு தோண்டிய நிலங்களில், தகுதியான பரப்பில் ஐந்தில் ஒரு பங்கில், சதுர மீட்டருக்கு ஒரு புதராவது நிற்க வேண்டும் என்கிறது வயோமிங் விதி. இதன் விதை தூள் போல இருக்கும். ஆழப் புதைந்தால் முளைக்காது. அதனால் குளிர்காலத்தில் பனிமேல் தூவிவிடுவதும் உண்டு! நானூறு டன் லாரி வைத்திருக்கும் கம்பெனி, இந்தத் தூளுக்கு முன் கைகட்டி நிற்கிறது.

பிணையிலும் ஒரு திகில் உண்டு. பெரிய கம்பெனிகளுக்கு 'எங்கள் பெயரே பிணை' என்று சொல்லிக்கொள்ளும் சலுகை இருந்தது. 2015-ல் ஆல்ஃபா நேச்சுரல் ரிசோர்சஸ் திவாலானபோது, அப்படிச் சொல்லியிருந்த தொகை 411 மில்லியன் டாலர். மாநிலம் பேரம் பேசி முன்னுரிமைக் கோரிக்கையாக வாங்கியது 61 மில்லியன். 2019-ல் அந்த விதியை இறுக்கினார்கள். இறுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடைசிப் பிணையை விடுவிக்கக் கேட்டால், உள்ளூர்ப் பத்திரிகையில் வாரம் ஒன்றாக நான்கு வாரம் விளம்பரம் வரும். நிலச் சொந்தக்காரரான பண்ணையாருக்கும் தகவல் போகும். இன்ஸ்பெக்டரோடு சேர்ந்து அவரும் நிலத்தைச் சுற்றிப் பார்க்கலாம், ஆட்சேபமும் சொல்லலாம். துறை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். காரணம் 'புதர் போதாது' என்று வந்துவிட்டால், எடு விதை மூட்டையை, மறுபடி முதலாம் வருஷம்!